காகிதமும் கணினியும் சேர்ந்தே ஓடுகின்றன: சிறு கிளினிக்கை மின்னணுப் பதிவேட்டுக்கு முழுமையாகக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிறிய மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மின்னணு நோயாளர் பதிவேட்டுக்கு மாறுவதற்கு உதவும் பணியில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். மென்பொருள் விற்பவர்களோடு எனக்குத் தொடர்பில்லை. அவர்கள் எதை வாங்கியிருந்தாலும் அதை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை.

இப்போது என் பொறுப்பில் உள்ள ஒரு கிளினிக்கில் மூன்று மருத்துவர்களும் இரண்டு செவிலியர்களும், வரவேற்பில் இருவரும் இருக்கிறார்கள். மென்பொருள் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பயிற்சியும் முறையாகவே நடந்தது. ஆனாலும் மருத்துவர்கள் இன்றுவரை காகிதத்தில்தான் எழுதுகிறார்கள். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு, வரவேற்பில் இருக்கும் பெண் அன்றைய தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு புரிந்தவரை தட்டச்சு செய்கிறார். சென்ற வாரம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு தாளில் இருந்த மருந்தின் பெயரை உறுதிசெய்துகொள்ள மூன்று முறை மருத்துவரின் அறைக்கு எழுந்து போனார். இரண்டு முறை உள்ளே நோயாளி இருந்தார். மூன்றாவது முறை மருத்துவர் கிளம்பிவிட்டிருந்தார். அந்தக் கட்டம் கணினியில் இன்றும் காலியாகவே இருக்கிறது.

மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூவருமே நோயாளிகளிடம் அக்கறையோடு நடந்துகொள்பவர்கள். இந்த நிலையிலிருந்து வெளியே வர வழி தேடுகிறேன். காகிதத்தை எப்போது, எப்படி நிறுத்துவது? அலமாரி நிறைய இருக்கும் பழைய கோப்புகளை என்ன செய்வது? இத்தனை பாடுபட்டு மாறிய பிறகு, சிகிச்சையின் தரம் உண்மையிலேயே கூடியிருக்கிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்க வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் (பொது மருத்துவர்)

நானும் ஏறக்குறைய ஓர் ஆண்டு இப்படி இரண்டு குதிரைகளில் சவாரி செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கிளினிக்கில் இப்போது இருப்பவை அரைகுறையான இரண்டு பதிவேடுகள். காகிதம் மட்டும் இருந்த காலத்தைவிட இது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. கணினியில் ஒவ்வாமைப் பகுதி காலியாக இருந்தால், அந்த நோயாளிக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை என்று பொருளா, அல்லது யாரும் இன்னும் பதியவில்லை என்று பொருளா என்பது பார்ப்பவருக்கு விளங்காது. மேலும், பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த அமாக்ஸிசிலின் எழுதப்படும்போது கணினி எச்சரிக்க வேண்டியது எழுதுகிற அந்த நொடியில்தான். நோயாளி மருந்தை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகு, மாலையில் வரவேற்பு மேசையில் தோன்றும் எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை. ஆகவே, மருந்தை முடிவு செய்பவரே அதைக் கணினியில் பதிய வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் வளைந்து கொடுக்கலாம்.

மருத்துவர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு துறைகளைச் சேர்ந்த 57 மருத்துவர்களை மொத்தம் 430 மணி நேரம் கூடவே இருந்து கவனித்தார்கள். நோயாளியோடு நேருக்கு நேர் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், கணினியிலும் மேசை வேலையிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போயிருந்தது. இந்தச் சுமையைக் குறைக்காமல் 'காகிதத்தை விடுங்கள்' என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். எங்கள் இடத்தில் எடை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மருந்துகள் ஆகிய நான்கையும் நோயாளி என் அறைக்குள் வருவதற்கு முன்பே செவிலியர் பதிந்துவிடுவார். நான் சரிபார்த்து, நோய்ப் பட்டியலையும் மருந்துச்சீட்டையும் மட்டும் பதிவேன். குறிப்பு நான்கு வரிக்கு மேல் போவதில்லை. லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1968லேயே, நோயாளியின் பிரச்சினைகளை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு குறிப்பையும் அதற்குரிய பிரச்சினையோடு இணைக்க வேண்டும் என்று வாதாடினார். இன்றைய மென்பொருள்களில் இருக்கும் நோய்ப் பட்டியலுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பட்டியல் துல்லியமாக இருந்தால் நீண்ட கதை எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

முதலில் மருந்துச்சீட்டில் தொடங்குங்கள் என்பேன். மருத்துவருக்கு உடனே பலன் தெரிவது அங்கேதான். தொடர்ந்து வரும் சர்க்கரை நோயாளிக்கு ஆறு மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கையால் எழுதிய ஒருவர், பழைய சீட்டைத் திறந்து ஒரே ஒரு அளவை மட்டும் மாற்றி அச்சிட்ட நாளில் மனம் மாறுவார். நான் மாறியது அப்படித்தான்.

ஆனால் ஒன்றை நேரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் ஒருவர் வந்திருந்தார். வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து அது. தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், எத்தனை முறை என்ற கட்டத்தில் 'தினமும் ஒரு வேளை' என்று தானாகவே வந்து நின்றது. பேசிக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. திரையை அவர் பக்கமும் தெரியும்படி திருப்பி வைத்திருந்ததால், "டாக்டர், இது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுற மாத்திரை இல்லையா?" என்று அவரே கேட்டார். அன்று மாலையே எல்லா மருந்துகளுக்கும் அந்தத் தானியங்கித் தேர்வை நீக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் கிளினிக்கிலும் முதல் வேலையாக அதைச் சோதித்துப் பாருங்கள். திரையையும் திருப்பி வையுங்கள்.

எச்சரிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை மருத்துவர்களால் புறந்தள்ளப்படுகின்றன என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஓயாமல் கூவும் மணியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். கடுமையான ஒவ்வாமை, சேரக் கூடாத மருந்துகள் போன்ற ஒரு சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மருத்துவர்களே கூடிப் பேசி அணைத்துவிடுவது நல்லது.

பதில் (செவிலியர், பதிவுப் பிரிவிலும் பணியாற்றியவர்)

பழைய கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் தொடங்குவோம் என்று உட்கார்ந்தால் அது முடியவே முடியாது. நாங்களும் அப்படித் தொடங்கி இரண்டே வாரத்தில் கைவிட்டோம். பிறகு, நாளைக்கு யாரெல்லாம் வருகிறார்கள் என்று முன்பதிவைப் பார்த்து, அவர்களுடைய கோப்புகளை மட்டும் முந்தைய நாள் பிற்பகலில் எடுப்போம். தொடர்ந்து இருக்கும் நோய்கள், இப்போதைய மருந்துகள், ஒவ்வாமை, நடந்த அறுவை சிகிச்சைகள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றை மட்டும் பதிந்துவிட்டு, கோப்பின் அட்டையில் 'ஏற்றப்பட்டது' என்ற முத்திரையைத் தேதியோடு குத்துவோம். அடிக்கடி வருபவர்களின் கோப்புகள் சில மாதங்களில் தாமாகவே முடிந்துவிட்டன. மற்றவை அலமாரியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். புதிய பதிவு தொடங்குவதற்கு முன்னால் பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் போட்டுத் தேடிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். பெயரின் எழுத்துகள் சற்று மாறியதால் ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள் உண்டாகி, ஒன்றில் ஒவ்வாமையும் மற்றொன்றில் மருந்துகளும் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாலையில் தட்டச்சு செய்யும் அந்தப் பெண்ணை இந்த மாற்றத்தில் ஒதுக்கிவிடாதீர்கள். எந்த மருத்துவரின் எழுத்தில் எது விடுபடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

பதில் (மருத்துவத் தகவல் அமைப்புகளில் பணிபுரிபவர்)

டாக்டர் சொன்ன பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். காகிதத்தை நிறுத்துவதில் மட்டும் எனக்குச் சற்றுக் கண்டிப்பான கருத்து உண்டு. ஒரு தேதியை முன்கூட்டியே அறிவித்து, அன்று முதல் மருந்துச்சீட்டுத் தாள்களை அறைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேசையில் தாள் இருக்கும்வரை கை அதைத்தான் தேடிப் போகும். அந்தத் தேதியை ஒட்டிய இரண்டு வாரங்களுக்கு முன்பதிவைப் பாதியாகக் குறையுங்கள்; வருமானம் குறையும் என்பதையும் மருத்துவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே நீங்களோ உங்கள் குழுவினரோ அங்கேயே இருக்க வேண்டும். மருத்துவர் தடுமாறும்போது பத்து நொடிக்குள் பக்கத்தில் வந்து நிற்க ஒருவர் இருந்தால், வகுப்பறையில் எட்டு மணி நேரம் நடத்திய பயிற்சியைவிட அது மேலானது. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மின்னணுப் பதிவேட்டுக்கு மாற உதவுவதற்காக 62 வட்டார உதவி மையங்களைத் தொடங்கி, ஒரு லட்சம் முதல்நிலை மருத்துவர்களை எட்ட இலக்கு வைத்தார்கள். உழவர்களின் வயலுக்கே போய்க் கற்றுக்கொடுக்கும் வேளாண் விரிவாக்கப் பணிதான் அதற்கு முன்மாதிரி. உங்கள் வேலையும் அதே வகையானது.

தொழில்நுட்பத்தில் நான் முதலில் பார்ப்பது ஆய்வக முடிவுகள் எந்த வடிவில் வந்து சேர்கின்றன என்பதைத்தான். ரத்தப் பரிசோதனை அறிக்கையை ஸ்கேன் செய்து படமாக இணைத்தால் மனிதர் படிக்கலாம். கணினிக்கு அது வெறும் படம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் 'கிரியேட்டினின் 1.8' என்பது எண்ணாகத் தனிக் கட்டத்தில் இருந்தால்தான் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று வரைபடமாகக் காட்ட முடியும். பரிசோதனைகளுக்கு லோயின்க், நோய்களுக்கு ஐசிடி, அமைப்புகளுக்கு இடையே தகவல் பரிமாற எச்எல்7, ஃபயர் (FHIR) என்று பொதுத் தரங்கள் இருக்கின்றன. உங்கள் மென்பொருள் இவற்றை ஏற்கிறதா என்றும், நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் எல்லாத் தரவையும் இவ்வடிவங்களில் திருப்பித் தருவார்களா என்றும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்புப்பிரதி எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். அதிலிருந்து மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரலின் தாக்குதலில் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் கணினிகள் முடங்கி, ஆயிரக்கணக்கான முன்பதிவுகள் ரத்தாயின. மின்சாரமோ இணையமோ நின்றால் எழுதுவதற்கு அச்சிட்ட படிவங்கள் ஓர் உறையில் இருக்கட்டும். அன்று எழுதியதை மறுநாள் யார் ஏற்றுவது என்பதும் அந்த உறையின் மேலேயே எழுதியிருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கட்டாயம். ஒரே கடவுச்சொல்லை எல்லாரும் பயன்படுத்தினால், யார் எதைத் திறந்தார், மாற்றினார் என்ற தடமே இருக்காது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேதி குறித்து ஒரே நாளில் காகிதத்தை எடுக்க அங்குள்ள மூத்த மருத்துவர் ஒத்துக்கொள்வாரா என்பது சந்தேகமாக இருக்கிறது. அதோடு, சிகிச்சை மேம்பட்டதைக் காட்டுவது பற்றிய என் கடைசிக் கேள்விக்கும் டாக்டரிடம் விளக்கம் வேண்டுகிறேன்.

பதில் (பொது மருத்துவர்)

மூத்தவரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மூவரில் யாருக்கு ஆர்வம் அதிகமோ அவரிடம் முதலில் தாளை எடுங்கள். மூன்று வாரம் கழித்து அடுத்தவர். கண்டிப்பான தேதி வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஆளுக்கொரு தேதியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. மூத்தவர் தன் சக மருத்துவரிடமிருந்து கற்றுக்கொள்வார். வெளியிலிருந்து வந்த நம்மிடமிருந்து அவ்வளவு எளிதில் கற்றுக்கொள்ள மாட்டார்.

மேம்பாட்டைக் காட்ட, காகிதத்தால் பதில் சொல்லவே முடியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். எச்பிஏ1சி ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனை. கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டும். 'நம் சர்க்கரை நோயாளிகளில் கடந்த ஆறு மாதத்தில் இந்தப் பரிசோதனை செய்யாதவர்கள் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு அலமாரிக்கு முன்னால் நின்று இதற்கு விடை காண்பதென்றால் வாரக் கணக்கில் ஆகும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு ஓராண்டாகச் சிறுநீரகப் பரிசோதனை செய்யாதவர்கள் யார் என்பதும் நல்ல கேள்வி. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு அந்த மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

முதல் பட்டியல் தப்பும் தவறுமாகத்தான் வரும். எங்கள் பட்டியலில் இறந்துபோனவர்கள் இருந்தார்கள். ஊர் மாறிப் போனவர்கள் இருந்தார்கள். பரிசோதனை செய்தும் அறிக்கை படமாகக் கிடந்ததால் செய்யாதவர்களாகக் காட்டப்பட்டவர்களும் இருந்தார்கள். செவிலியரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திருத்தினோம். அப்படியும் மிஞ்சியவர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது, "நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைக்கல" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் மருந்தை நிறுத்தியே நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பட்டியலை எடுத்து எண்ணிக்கை குறைகிறதா என்று மருத்துவர்களே பார்க்கட்டும்.

அதற்கெல்லாம் முன்னால், கணினியில் காலியாக இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தக் கட்டத்தை நிரப்புங்கள். நோயாளியை அழைத்து, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேட்டவர்

அழைத்தோம், டாக்டர். நேற்று மாலை அவர் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு வேறு நிறுவனப் பெயர்களில் இருந்தது; இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் அந்தப் பெண் இரண்டு அட்டைகளிலும் இருந்த மூலப்பெயரைச் சத்தமாக வாசித்துக் காட்ட, மூத்த மருத்துவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றை நிறுத்தி மற்றொன்றைக் கணினியில் பதிந்தார். அந்தத் தாளை அவர் கேட்கவில்லை.