இன்ஷூரன்ஸ் இல்லாம கருத்தடை மாத்திரை: டல்லாஸ் பக்கம் யாருக்காவது விவரம் தெரியுமா?

அக்கா தங்கச்சிகளுக்கு வணக்கம். இவருக்கு வேலை போனதோட இன்ஷூரன்ஸும் போச்சு. கோப்ரா (பழைய கம்பெனி இன்ஷூரன்ஸையே நம்ம கைக்காசுல கொஞ்ச நாள் தொடரறது) எடுக்கலாம்னா பிரீமியத்தைப் பார்த்தாலே தலை சுத்துது. என் மாத்திரை அட்டையில ஒரு வரிசைதான் மிச்சம். சின்னவளுக்கு ஒன்றரை வயசு, இப்ப இன்னொண்ணு தாங்காது.

ஓபில் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து கடையிலேயே விக்குது, மாசத்துக்கு சுமார் 20 டாலர். ஆனா தினமும் ஒரே நேரத்துல போடணும், மூணு மணி நேரம் தள்ளினாலே பாதுகாப்பு குறையும். ராத்தூக்கமே இல்லாத எனக்கு அது சரிவருமா? போடறவங்க சொல்லுங்க.

டைட்டில் எக்ஸ் கிளினிக்குல (அமெரிக்க அரசு நிதியில நடக்கற குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்) வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணமாம், ரொம்பக் குறைவுன்னா இலவசம். எச்4-ல (வேலை விசாவுல இருக்கறவங்க குடும்பத்துக்குத் தர்ற விசா) இருக்கறவங்க யாராவது போயிருக்கீங்களா? என்னென்ன பேப்பர் கேட்டாங்க? வேலை போறதுக்கு முந்தின சம்பளத்தையும் கணக்குல எடுப்பாங்களா? காப்பர்-டி அங்கேயே போட்டுவிடுவாங்களா? (ஊர்ல அரசு ஆஸ்பத்திரியில சும்மாவே போடுவாங்க, அதுக்குன்னு டிக்கெட்டா எடுக்க முடியும்!)

கூப்பன்ல வாங்கறவங்க எந்தக் கடை, என்ன விலைன்னு போடுங்க. நாள் கணக்கு வைத்தியம் மட்டும் வேண்டாம், சின்னவளே அப்படி வந்தவதான். இங்க எழுதக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க.