புதுப்பிப்பு: கான்கிரீட் துளை சிமுலேஷன் சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, தண்ணி-சிமெண்ட் விகிதம் 0.5 வச்சு ஓட்டுனா சிமெண்ட் இறுகி எத்தனை நாளானாலும் உள்ள இருக்கிற துளைங்களோட தொடர்பு அறுபடவே மாட்டேங்குதுன்னு, தப்பு என் கோட்லதான். முனை மட்டும் தொட்டுக்கிற வாக்ஸலையும் (மாடலைப் பிரிக்கிற குட்டி கனசதுரம்) சேத்து சுத்தி இருக்கிற 26ம் தொடர்புன்னு எண்ணிட்டேன், முழுப் பக்கமும் ஒட்டுற 6ஐ மட்டும் எடுத்ததும் மொத்த கன அளவுல துளைங்களோட பங்கு 18% கிட்ட குறைஞ்சப்ப வழி அடைபட்டுருச்சு! இதே மாதிரி சிமெண்ட் மாடல் செஞ்ச ஆய்வாளர்கள் பெண்ட்ஸ், கார்போசி 1991ல சொன்னதும் ஏறக்குறைய அதேதான். செக் பண்ணச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

சிமெண்ட் ஆய்வாளர் பவர்ஸோட குழு 1959லயே, துளை வழி அடைபட விகிதம் 0.4க்கு 3 நாள், 0.5க்கு 14 நாள் ஆகும், 0.7 தாண்டுனா எப்பவுமே அடைபடாதுன்னு கணக்கு குடுத்திருக்காங்க. பினாங்கு கடலோரத்துல உப்பு இந்தத் துளை வழியாத்தான் கான்கிரீட் உள்ள இருக்கிற கம்பி வரைக்கும் போகுது, அதனால சைட்ல கலவையில தண்ணி அதிகமா ஊத்துறதப் பாத்தா மனசு பதறுது லா. அடுத்து 0.6 ஓட்டப்போறேன்.