ஏற்காட்டில் ட்ரஃபிள் வேட்டை, ஒயின் டேஸ்டிங் மாதிரி ஒரு நாள் டூர்: வழி உண்டா?

அம்மாபேட்டை வாசி

வணக்கம். இத்தாலியில் இருக்கும் அக்கா குடும்பம் டிசம்பர்ல சேலம் வருது. அங்க ஆல்பா பக்கம் நாயோட தோப்புக்குள்ள போய் ட்ரஃபிள்ங்கற, மண்ணுக்கடியில விளையற வாசனைக் காளானைத் தோண்டறது, அப்புறம் திராட்சைத் தோட்டத்துல உட்கார்ந்து நாலு வகை ஒயின் ருசி பார்க்கறதுன்னு ஒரு நாள் டூர் போயிருக்காங்க. "நம்ம ஊர்ல இப்படி என்ன இருக்கு?"ன்னு கேக்கறாங்க.

மொத்தம் 12 பேர். அதுல ரெண்டு பசங்க, 70 தாண்டின மாமா அத்தை உண்டு. சேர்வராயன் மலையில ட்ரஃபிள் மாதிரி மண்ணுக்கடியில ஏதாவது கிடைக்குமா? இல்லேன்னா காட்டுக் காளான் பறிக்கலாமா? ஒயின் டேஸ்டிங்குக்கு இடம் உண்டா? எதுவுமே நடக்காதுன்னா, காலையில பறிச்சு மதியம் ருசி பார்க்கிற மாதிரி வேற திட்டம் சொல்லுங்க. லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், போட் ஹவுஸ் எல்லாம் அவங்க பார்த்தாச்சு.

புற்றுக்காளான்

முதல் கேள்விக்கு நேரா பதில்: கிடைக்காது. ட்ரஃபிள் தனியா முளைக்கிற காளான் இல்லைங்க. ஓக், ஹேசல், பாப்லர் மாதிரி சில மரங்களோட வேர்நுனியைப் போர்த்திக்கிட்டு, மரத்துக்கிட்ட சர்க்கரையை வாங்கி, பதிலுக்குத் தண்ணியும் தாது உப்பும் உறிஞ்சிக் கொடுத்து வாழற பூஞ்சை. மண்ணு சுண்ணாம்பு கலந்த கார மண்ணா இருக்கணும். ஏற்காட்டு மண்ணு மழையில கழுவி அமிலமாப் போனது. மேல்தட்டுல பாக்சைட் கிடக்கிற மலை இது. "எஸ்டேட் பூரா ஓக் மரம் நிக்குதே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நிழலுக்கு வெச்சிருக்கிற சில்வர் ஓக் பேருக்குத்தான் ஓக். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வேற குடும்பத்து மரம், அதோட வேர்ல ட்ரஃபிள் ஒட்டாது.

இந்தியாவுல மண்ணுக்கடியில தோண்டி எடுக்கிற காளான் இருக்கு. ஜார்க்கண்ட்ல ருக்டா, பஸ்தர்ல போடான்னு சொல்வாங்க. அதுக்கு சால மரம் வேணும், பருவமும் மழை தொடங்குற நேரம். அரபு நாட்டுல இருக்கிறவங்க பார்த்திருக்கிற ஃபகா இன்னொரு வகை, பாலைவனச் செடி வேர்ல வர்றது. ரெண்டும் இங்க இல்லை.

காட்டுக் காளான் பறிக்கிற யோசனையை விட்டுடுங்க. புற்றுக்காளான் நல்ல காளான்தான், கறையான் புற்றுக்குள்ள வரைக்கும் நீளமா வேர் மாதிரி இறங்கியிருக்கும். ஆனா அதே மாதிரி வெள்ளைக் குடையா வர்ற விஷக் காளான் ஒண்ணு புல்வெளியில சாதாரணமா முளைக்குது. அதுக்குத் தண்டுல வளையம் இருக்கும், குடையோட அடி மடிப்பு முத்தினதும் பச்சை ஏறும். இளசா இருக்கிறப்ப அந்தப் பச்சை தெரியாது. தப்பு நடக்கிறதே அங்கதான். வெள்ளிக் காசு கறுக்குதா, பூண்டு நிறம் மாறுதா, பூச்சி கடிச்சிருக்கான்னு பார்க்கிறதெல்லாம் எதையும் நிரூபிக்காது. ஈரலைத் தாக்குற அமனிட்டா வகையில வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள விஷம் வேலையை ஆரம்பிச்சிருக்கும். போதாததுக்கு, காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம்.

யாராவது "ட்ரஃபிள் ஆயில் ஊத்தி தோசை"ன்னு ஆரம்பிப்பாங்க. கடையில விக்கிற எண்ணெயில பெரும்பாலும் டைதயாபென்டேன்னு ஒரு செயற்கை வாசனைதான் இருக்கு. இத்தாலியில இருந்து வர்றவங்க முன்னால அதை நீட்டாதீங்க.

நாகலூர் ரோடு

டிசம்பர்னா பதில் தலைக்கு மேலயே தொங்குது: காப்பி. அராபிகா பறிப்பு நவம்பர்ல தொடங்கி ஜனவரி வரைக்கும் ஓடும். 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர், அதனால சொல்றதுக்குக் கதையும் இருக்கு.

ஒண்ணு முதல்லயே புரிஞ்சுக்கோங்க. காலையில பறிச்ச பழத்தை மதியம் குடிக்க முடியாது. தோல் நீக்கி, ஊறவெச்சு, கழுவி, காயவெச்சு, மேல்தோல் எடுத்து, வறுக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதனால பறிக்கிறது இந்த வாரத்துப் பழம், ருசி பார்க்கிறது அதே தோட்டத்துல சீசன் ஆரம்பத்துல பறிச்ச கொட்டைன்னு வெச்சுக்கணும். எஸ்டேட்காரர்கிட்ட மூணு நாலு வாரம் முன்னாடியே சொல்லிட்டா தனியா எடுத்து வெப்பாங்க. கடைசி நேரத்துல போன் பண்ணா பழம் பறிக்கலாம், அவ்வளவுதான்.

பறிக்கிற முறை: பழுத்த பழத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு லேசாத் திருகி எடுக்கணும். கீழ்நோக்கி இழுக்கக் கூடாது. கிளையை மொத்தமா உருவினா காயும் சேர்ந்து வரும், காம்பு ஒட்டியிருந்த கணுவும் பிய்யும். பழம் சரியான்னு பார்க்க விரலால அமுக்குங்க: பழுத்ததுல கொட்டை வழுக்கிக்கிட்டு வெளிய வரும், காயில வராது. சிவப்பு, கருஞ்சிவப்பு ரெண்டும் எடுக்கலாம். பாதி மஞ்சள் வேண்டாம், கறுத்துச் சுருங்கினது தனிப் பை. புதுசா வர்றவங்க ஒரு மணி நேரத்துல ரெண்டு மூணு கிலோ பறிச்சாலே பெரிசு. ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டைன்னு கணக்கு. வறுத்தா அதுலயும் ஆறுல ஒரு பங்கு எடை போயிடும்.

பறிச்சதும் பசங்களை வெச்சு மிதப்பு பாருங்க. பக்கெட் தண்ணியில கொட்டினா நல்ல பழம் அடியில போகும். மிதக்கிறது உள்ள சொத்தை, ஒத்தைக் கொட்டை, இல்லேன்னா பெர்ரி போரர்ங்கற குட்டி வண்டு துளைச்சது. துளைச்ச பழத்தோட நுனியில குண்டூசி முனை அளவு ஓட்டை தெரியும். மிதந்ததைத் தோட்டத்துலயே கொட்டிட்டு வராதீங்க, பூச்சி அடுத்த காய்க்குத் தாவும். எஸ்டேட் ஆள்கிட்டயே கொடுத்துடுங்க.

அப்புறம் பல்ப்பர், அதாவது பழத்தோலை உரிக்கிற மெஷின். இடைவெளி இறுக்கமா இருந்தா கொட்டை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடம் ஊறும்போது புளிச்சு நாறும். தளர்வா இருந்தா பழம் அப்படியே நழுவிப் போகும். ரெண்டையும் ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ஊறல் தொட்டியில ஒரு நாள், குளிர் அதிகம்னா ஒன்றரை நாள். கொட்டை மேல இருக்கிற வழவழப்பு போச்சான்னு பார்க்க ஒரு குச்சியைச் செருகி உருவுவாங்க. ஓட்டை மூடாம நின்னா கழுவற நேரம். கையில தேய்ச்சா கூழாங்கல் உரசற சத்தம் வரும்.

முழுக்கை சட்டை, பிடிமானம் உள்ள ஷூ கட்டாயம். முசுறு கூடு இருக்கிற கிளையில கை வெச்சா பறிப்பு அத்தோட முடிஞ்சது. காட்டெருமை விடியலிலயும் சாயங்காலமும் தோட்டத்துக்குள்ள வரும், அதனால எஸ்டேட் ஆள் இல்லாம வரிசைக்குள்ள இறங்காதீங்க. மாமா அத்தையைச் சரிவுல இறக்க வேண்டாம். களத்து ஓரமா நாற்காலி போட்டா காயற காப்பியைக் கிளறுறதைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம், கையால பொறுக்கவும் செய்யலாம்.

தேதி: கிறிஸ்துமஸ் வாரமும் பொங்கல் வாரமும் வேண்டாம். முதல்ல சொன்னதுல கொண்டை ஊசி வளைவு இருபதும் வண்டியா நிக்கும். பொங்கலுக்குப் பறிக்கிற ஆட்களே ஊருக்குப் போயிடுவாங்க.

கப்பிங் மேசை

ருசி பார்க்கிற பகுதிக்கு நான். ஒயின் டேஸ்டிங்குக்கு நேர் சமமா காப்பியில இருக்கிறது கப்பிங். பால், சர்க்கரை, சிக்கரி எதுவும் கிடையாது.

12 பேருக்கு ரெண்டு மேசை. ஒவ்வொண்ணுலயும் நாலு வகை, வகைக்கு ரெண்டு கிளாஸ். மொத்தம் 16 கிளாஸ், எல்லாம் ஒரே அளவு, 200 மில்லிக்குக் குறையாத கண்ணாடி. டீக்கடை கிளாஸ் பத்தாது, எவர்சில்வர் டம்ளர் கையைச் சுடும். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் கணக்குப்படி 150 மில்லி தண்ணிக்கு 8.25 கிராம் தூள். ஆக 132 கிராம் போதும், ஆனா ஒவ்வொரு வகைக்கும் மெஷினைக் கழுவற மாதிரி முதல்ல கொஞ்சம் அரைச்சுக் கொட்டணும்; வகைக்கு 40 கிராம் வறுத்த கொட்டை வெச்சுக்கோங்க. ஊத்தறதுக்கு 2.4 லிட்டர், கரண்டி அலசறதுக்கும் சேர்த்து 4 லிட்டர் தண்ணி. ஒரு கெட்டில் காணாது.

வறுவல் இளசா, முந்தின நாள் வறுத்ததா இருக்கணும். அன்னிக்குக் காலையில வறுத்தா வாயு அடங்காம வாசனை மங்கும். கடையில ஃபில்டருக்கு அரைக்கிற மாதிரி நைஸா அரைச்சா கசப்பு எல்லாத்தையும் மூடிடும். ரவைப் பதம் வேணும், அதுவும் ஊத்தறதுக்கு முன்னாடி.

தண்ணி சூடு 93 டிகிரி. சேலத்துல இதுக்கு தெர்மாமீட்டர் தேவைப்படும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம்ங்கறதால அங்க தண்ணி 95லயே கொதிச்சுடும். கெட்டில் நின்னு அரை நிமிஷம் விட்டு ஊத்தினா சரியா இருக்கும்.

முதல்ல காய்ஞ்ச தூளை முகருங்க. ஊத்தி நாலு நிமிஷம் தொடாதீங்க. மேல ஆடை மாதிரி ஒரு தட்டு கட்டும். மூக்கைக் கிட்ட வெச்சுக்கிட்டு, கரண்டி முதுகால அதை மூணு தடவை தள்ளி உடைக்கணும். அந்த ஒரு நொடியில வர்ற வாசனைதான் மொத்த வேலையிலயும் பெரிசு. ஒருத்தர் உடைச்சா மத்தவங்களுக்கு அது போச்சு, அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிளாஸை ஒதுக்கிடுங்க. நுரையை ரெண்டு கரண்டியால அள்ளிட்டு, ஊத்தி எட்டு பத்து நிமிஷம் ஆனதும் சத்தம் வர உறிஞ்சணும். சூடா ஒரு சுத்து, வெதுவெதுப்பா ஒண்ணு, ஆறினதும் ஒண்ணு. குறை எல்லாம் ஆறினப்புறம்தான் வெளிய வரும். துப்பறதுக்கு ஆளுக்கொரு பேப்பர் கப். விழுங்கிக்கிட்டே இருந்தா ராத்திரி தூக்கம் வராது. பசங்க முகர்ந்து பார்த்தா போதும்.

எந்த நாலு வகைன்னு யோசிங்க, மிச்சம் தானா அமையும். நல்ல காப்பி நாலை வரிசையா வெச்சா புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் "காப்பி மாதிரி இருக்கு". ஒரே தோட்டத்துல கழுவினது, பழத்தோட காயவெச்சது, மிதப்புக் கொட்டை, காயாப் பறிச்சது, இப்படி வையுங்க. காயில நாக்கு வறண்டு துவர்க்கும், பச்சைக் கடலை வாசனை அடிக்கும். வறுத்த கொட்டையில வெளிறி நிக்கிறது அதுதான், பொறுக்கிக் காட்டலாம். காலையில "பச்சைக் காயைப் பறிக்காதீங்க"ன்னு ஏன் சொன்னாங்கன்னு வாய்க்கே தெரிஞ்சுடும். எஸ்டேட்ல அப்படித் தனியா காயவெச்சுத் தரலேன்னா, காப்பிக் கடையில ப்ளாண்டேஷன் ஏ (கழுவினது), செர்ரி (பழத்தோட காயவெச்சது) ரெண்டும், கூடவே பி.பி.பி.ன்னு விக்கிற நொறுக்கும் கருப்பும் வாங்கி ஒப்பிடுங்க.

சாப்பாட்டுக்கு முன்னாடியே, பதினொன்றரை மணிக்கு முடிச்சுடுங்க. பிரியாணிக்கு அப்புறம் நாக்கு வேலை செய்யாது. அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க: மல்லிகைப் பூ, சென்ட், வெத்தலை எதுவும் அந்த அறைக்குள்ள வேண்டாம். தலையில ரெண்டு முழம் பூ வெச்சவங்க பக்கத்துல நின்னா நாலு காப்பியும் மல்லிகையாவே மணக்கும்.

அம்மாபேட்டை வாசி

ரொம்ப நன்றிங்க, தெளிவா இருக்கு. ரெண்டு சந்தேகம். மச்சான் ஒயினை விடறதா இல்லை. எஸ்டேட் பங்களாவுல நாமே பாட்டில் வாங்கி வெச்சு டேஸ்டிங் நடத்தினா? இன்னொண்ணு, பசங்க பறிச்ச மூணு கிலோ பழத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து என்ன பண்றது?

கப்பிங் மேசை

ஒயினை இந்த நாளோட சேர்க்காதீங்க. தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை 2003லிருந்து டாஸ்மாக் கையில. லைசென்ஸ் இல்லாத எஸ்டேட்டோ ஹோம்ஸ்டேயோ கட்டணம் வாங்கிப் பரிமாற முடியாது, 21 வயசுக்குக் கீழ யாருக்கும் கூடாது. லேபிள் இல்லாத "வீட்டு ஒயின்" யாராவது நீட்டினா வாங்கவே வேண்டாம். ஒயின் ருசிச்ச நாக்குல காப்பியோட புளிப்பும் பிடிபடாது. நிஜமான திராட்சைத் தோட்டம் பார்க்கணும்னா பெங்களூர் தாண்டி நந்திமலை பக்கம் தனியா ஒரு நாள் போங்க. இந்தியாவுல ஒயின் திராட்சை அறுவடை ஜனவரி கடைசிக்கு மேலதான் சூடு பிடிக்கும், அதனால டிசம்பர்ல கொடியைப் பார்க்கலாம், அறுவடையைப் பார்க்க முடியாது.

நாகலூர் ரோடு

பழத்துக்கு: எடுத்துட்டுப் போறதுக்கு எஸ்டேட்ல ஒரு சீட்டு எழுதி வாங்குங்க, சீசன்ல காப்பித் திருட்டு உண்டு, வழியில யாராவது கேட்டா காட்டணும். பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, வீடு போறதுக்குள்ள வெந்து புளிச்சுடும். சாக்கு அல்லது கூடை.

அன்னிக்கு ராத்திரியே கையால பிதுக்கித் தோலை எடுங்க. கொட்டையை பக்கெட்ல கொஞ்சமா தண்ணி விட்டு வையுங்க. சேலத்து வெக்கைக்கு மலையில ஆகற நேரம் ஆகாது, காலையிலயே தேய்ச்சுப் பாருங்க. உரசற சத்தம் வந்ததும் மூணு நாலு தண்ணியில கழுவிடணும். விட்டா வினிகர் வாடை ஏறும், அப்புறம் எப்படி வறுத்தாலும் போகாது. மொட்டைமாடி சிமென்ட்ல நேராப் போடாம வலை கட்டின கட்டில் மேல பரப்பி, முதல் ரெண்டு நாள் மதிய வெயில்ல துணி போட்டு மூடுங்க, இல்லேன்னா மேல்தோல் வெடிக்கும். மணிக்கொரு தடவை கிளறணும், பனிக்கு முன்னாடி உள்ள எடுத்துடணும். ஏழெட்டு நாள்ல ஒரு கொட்டையை உரிச்சுக் கடிச்சா பல் தடம் லேசா மட்டும் பதியணும். நசுங்கினா இன்னும் காயணும். பல்லே இறங்காம ரெண்டாத் தெறிச்சா அளவுக்கு மீறிக் காய்ஞ்சாச்சு.

மூணு கிலோவுக்கு வறுத்த தூள் 400 கிராம் தேறும். இரும்பு வாணலியில 150 கிராமுக்கு மேல ஒரே தடவையில போடாதீங்க; அடி கருகும், நடு வேகாது. போறப்ப அடிவாரத்துலயே இட்லியை முடிச்சுட்டு ஏறாதீங்க, மேல போய் சாப்பிடுங்க. அந்த வளைவுகள்ல பசங்க வயிறு தாங்காது. மழை பெஞ்சு மண் சரிஞ்சிருந்தா குப்பனூர், கொட்டச்சேடு வழி சுத்து அதிகம், அரை மணி நேரம் கூடுதலா வெச்சுக்கோங்க. திரும்பறப்ப நாலரைக்குள்ள இறங்க ஆரம்பிச்சுடுங்க, அதுக்கு மேல பனிமூட்டம்.