பழைய ஜென் காரின் வெளிக் கைப்பிடி இறுகுகிறது: அதன் அச்சுப் பின்னைக் கழற்ற வழி உண்டா?

மும்பை செம்பூரில் ஓடும் என் 2004 மாடல் மாருதி ஜென் காரில், ஓட்டுநர் பக்கக் கதவின் வெளிக் கைப்பிடியைத் தூக்கினால் அது தானாக இறங்காமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. விரலால் அழுத்திவிட்ட பிறகே கதவு சாத்திக்கொள்கிறது. ஜூன் மழையில் தொடங்கிய தொல்லை இது. உப்புக்காற்றில் இத்தனை ஆண்டுகள் உழைத்த பாகத்தைக் குறை சொல்வதற்கில்லை.

டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்பிரே அடித்ததில் சில நாட்கள் சரியாக இருந்து, மீண்டும் இறுகியது. கதவின் உள் அட்டையைக் கழற்றி, கதவைப் பிடித்து நிறுத்தும் லாட்சைத் துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸும் தடவினேன். லாட்சுக்குப் போகும் கம்பியை விடுவித்துவிட்டுத் தூக்கினாலும் கைப்பிடி இறுகவே செய்கிறது, உள்கைப்பிடியோ தடையின்றி இயங்குகிறது என்பதால், கோளாறு வெளிக் கைப்பிடி அசையும் அச்சான உலோகப் பின்னில்தான் என்று கருதுகிறேன். அதன் முனையில் செம்பழுப்புத் துரு பொடியாக உதிர்கிறது. மெக்கானிக் முழுக் கைப்பிடியையும் மாற்றச் சொல்கிறார், குர்லா சி.எஸ்.டி. சாலையில் விசாரித்த கடைகளில் இடப்பக்கத்துக்கானதே இருக்கிறது.

சுற்றியுள்ள பிளாஸ்டிக் உடையாமல் அந்தப் பின்னைத் தட்டியெடுத்து, பின்னையும் ஸ்பிரிங்கையும் மட்டும் மாற்ற முடியுமா?