பிடிக்காத அண்ணன் மேல் பாசம் இருக்க முடியுமா?

தேவகோட்டைத் தம்பி:
அடுத்த மாதம் எங்கள் பெரிய வீட்டில் படைப்பு, முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். பங்காளிகள் எல்லோரும் வருவார்கள், என் அண்ணனும் வருவார். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தால் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவேன். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச என்னால் முடியாது. எதற்கும் கணக்குப் பார்ப்பார், அடுத்தவரைப் பேச விடமாட்டார். அவர் மேல் பாசம் உண்டு, அவரைப் பிடிக்காது. இதில் தவறில்லை என்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கானாடுகாத்தான் மருமகள்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஓடுவது கடமையாக இருக்கலாம், ஊர் பேசுமே என்ற பயமாகவும் இருக்கலாம். ஒருவரின் பேச்சும் குணமும் பிடிக்காமல் பாசம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? என் மாமியார் பிரசவத்தில் என்னைக் குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் என்னைப் பிடிக்காது என்பது அவர் முகத்திலேயே தெரியும். அந்தக் கவனிப்பு ஒருநாளும் எனக்குப் பாசமாகப் படவில்லை. வாங்கிக்கொள்கிறவர் பக்கம் நின்றும் பாருங்கள்.

பள்ளத்தூர் பெரியவர்:
நம் செட்டிநாட்டு நகரத்தார் பெரியவர்கள் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் ஆச்சி. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் 'வேறு வைப்பது', அதாவது அதே வீட்டில் தனிக் குடித்தனம் வைத்துவிடுவது, எதற்கு? முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் எல்லோருக்கும் பொது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, பின்கட்டில் அடுப்பு தனித்தனி. வருஷத்துக்கு இவ்வளவு என்று அரிசி பருப்பை அளந்து கொடுத்துவிடுவார்கள். கோவில் கணக்கிலும் அந்தத் தம்பதி தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். மாமியார் சமையல் மருமகளுக்குப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நல்லது கெட்டது என்றால் அத்தனை பேரும் அதே வளவில்தான் கூடுவார்கள். பிடித்தம் இல்லாத இடத்திலும் பாசம் கெடாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கானாடுகாத்தான் மருமகள்:
அய்யா, அடுப்பைப் பிரித்தது செலவுக் கணக்குக்காகத்தான் என்பார் எங்கள் ஆயா, என் பாட்டி. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் 3 வருஷக் கணக்கில் ஆண்கள் போய்விடுவார்கள். அவர்களுக்கு இந்த வீடு திரும்பி வருகிற இடம். எதிரெதிர் அறையில் பேச்சுவார்த்தை இல்லாமல் வருஷங்களை ஓட்டிய ஓரகத்திகளுக்கு? ஒரே வளவில் சாப்பிட உட்கார்ந்தார்கள் என்பதற்காக அதைப் பாசத்தில் சேர்க்காதீர்கள்.

காரைக்குடி மகள்:
நான் தம்பி கட்சி. அப்பச்சியோடு, அதாவது என் அப்பாவோடு, எனக்கு ஒத்துப்போனதே இல்லை. இப்போது அவரைக் குளிப்பாட்டி விடுவது நான்தான், யாரும் சொல்லிச் செய்யவில்லை. தானாடாவிட்டாலும் தசையாடும். இதற்கு நேர்மாறாக, பேசப் பேசச் சிரிக்க வைக்கிற ஒரு அத்தான் எனக்கு உண்டு. அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவருக்கு ஒரு கஷ்டம் என்றால் எனக்குத் தூக்கம் போகாது. அதையும் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்?

தேவகோட்டைத் தம்பி:
ஆச்சி, அண்ணனுக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் என் மகன் பிறந்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். வாங்கிக்கொண்ட பக்கம் நின்றுதான் சொல்கிறேன், எனக்கு அது பாசமாகத்தான் பட்டது.

கானாடுகாத்தான் மருமகள்:
சரி தம்பி, உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனி வீடு, யாரும் யாரையும் அண்டி இல்லை. அதனால் தாங்குகிறது. புகுந்த வீட்டில் நாள் முழுக்க அதே முகங்களோடு இருக்கிற பெண்ணுக்கு இது போதாது. என் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது, அவளை மனசாரப் பிடித்தவர் ஒருவராவது அந்த வீட்டில் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.