பாலா, புண்ணாக்கா? சபையில் எதைக் கேட்பது?

வைகைக்கரையான்:
கூட்டத்தொடர் வரப்போகிறது. மாட்டுத்தீவனத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லி நம்ம எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும் மனு கொடுக்கலாம் என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். 2019 நவம்பரில் மக்களவையில் டி.ஆர்.பாலு பாலின் தரம் பற்றிக் கேட்டார் (பாலைப் பற்றிப் பாலு என்று அப்போதே கிண்டல் செய்தாயிற்று, யாரும் ஆரம்பிக்க வேண்டாம்). நல்வாழ்வுத்துறை இணையமைச்சர் அஸ்வினி குமார் சௌபே பதில் கொடுத்தார். தமிழ்நாட்டில் எடுத்த 551 பால் மாதிரிகளில் 88இல் அஃப்ளாடாக்ஸின் எம்1 (பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலில் இறங்கும் நஞ்சு) அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததாம். எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல். எனக்கு இந்த விஷயமே அந்தப் பதிலால்தான் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று யாராவது மறுபடி கேட்க வேண்டாமா?

செல்லம்பட்டி மாட்டுக்காரன்:
கேளுங்க தம்பி, தாராளமாகக் கேளுங்க. மறுநாள் "தமிழ்நாட்டுப் பாலில் விஷம்" என்று டிவியில் ஓடும். டீக்கடைக்காரர் பால் வாங்குவதைக் குறைப்பார். என் வீட்டில் நாலு கறவை நிற்கிறது, அதுக்கு லீவு விட முடியாது. 2025 கோடையில் தர்பூசணிக்கு நடந்தது மறந்துபோச்சா? சென்னையில் ஓர் அதிகாரி, பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்று எச்சரித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று அப்புறம் விளக்கம் வந்தது. அதற்குள் விலை தரையில். பழம் கொடியிலேயே கிடந்தது. விளக்கத்தை விற்றுக் காசாக்க முடியுமா?

கோரிப்பாளையத்தார்:
கேள்வி நேரம் என்பதே ஒரு சடங்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, எழுத்துப் பதில் மட்டும் வருவது 230. அந்த ஒரு மணி நேரத்தில் இருபதையும் முடிப்பது அபூர்வம். மீதிக்கெல்லாம் அட்டவணை போட்ட தாள்தான். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். மதுரையில் யாருக்காவது ஏதாவது குறைந்ததா?

வைகைக்கரையான்:
குறைந்தது. அமைச்சரை நிற்க வைத்து அங்கேயே துணைக் கேள்வி கேட்க முடிகிற நேரம் போனது. அந்தத் தாள்கூட இல்லாவிட்டால் 88 என்ற எண்ணை எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

கோரிப்பாளையத்தார்:
அந்த எண்ணையே பாருங்கள். அதே பதிலில் கேரளாவில் 187க்கு 37, டெல்லியில் 262க்கு 38. வகுத்துப் பார்த்தால் கேரளா நூற்றுக்கு 20ஐ ஒட்டி வருகிறது, நாம் 16. நம்மிடம் மாதிரி அதிகம் எடுத்தார்கள், அதனால் எண்ணிக்கையும் அதிகம். தலைப்புப் போட்டவர் வகுத்தல் மறந்தவர். கேட்டவரும் சொன்னவரும் என்ன செய்தார்கள்?

வைகைக்கரையான்:
வகுத்தது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 16 என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா? நாடு முழுக்க 6,432 மாதிரிகளில் 368தான், அதாவது 5.7 சதவீதம். நாம் அதைப்போல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறோம்.

கால்நடை அக்கா:
இந்தத் துறையில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் நடுவில் வருகிறேன். இது யாரும் பாலில் கலப்பது இல்லை. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். மாடு அதைத் தின்றால் ஒரு நாளுக்குள் பாலில் தெரியும். தீவனத்தை மாற்றினால் சில நாளில் போய்விடும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், பழைய சுவர் மாதிரி ஒரு வாசம் வரும், புண்ணாக்கை உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும், அதுதான் தொல்லை. காய்ச்சினால் போகாது. ஜிகர்தண்டாவுக்குச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், நஞ்சு அப்படியே தங்கும்.

கீழவாசல் டீ மாஸ்டர்:
அக்கா, ஜிகர்தண்டா மேல் கை வைக்காதீர்கள். ஊரே திரண்டு வரும்.

செல்லம்பட்டி மாட்டுக்காரன்:
அக்கா சொன்னது நிஜம். போன ஐப்பசி மழையில் எனக்கே நடந்தது. கடையில் (பேர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் போகணும்) மூட்டை வாங்கி வந்து பிரித்தால், அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருப்பிக் கொண்டுபோனேன். "உங்க வீட்டுல நனைஞ்சிருக்கும்ணே" என்றார். என் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில், பலகை மேல் வைத்தது. பில் கேட்டால் பில் இல்லை. பாதியைக் குப்பைக்குழியில் கொட்டினேன். மீதியை வெயிலில் காயப்போட்டு மாட்டுக்கே வைத்தேன், பொய் சொல்லவில்லை. சொசைட்டியில் கொழுப்பு பார்த்தார்கள், இதரச் சத்து பார்த்தார்கள், பால் பாஸ். பூஞ்சைக்கு அங்கே பரிசோதனை கிடையாது. இதில் நான் குற்றவாளியா, தம்பி?

வைகைக்கரையான்:
அண்ணே, காயப்போட்டால் பூஞ்சை காயும், நஞ்சு காயாதே. ஆனால் உங்களைக் குற்றவாளி என்று சட்டமே சொல்லவில்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உணவு என்பதற்கு விளக்கம் இருக்கிறது. கால்நடைத் தீவனமும் அறுவடைக்கு முந்தைய பயிரும் அதில் சேராது. விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 18ஆம் பிரிவே சொல்கிறது. வரப்போடு சட்டம் நின்றுவிடுகிறது. பால் கேன் ரோட்டுக்கு வந்த பிறகுதான் அதிகாரி. நான் கேட்கச் சொல்வதே அந்த வரப்புக்கு உள்பக்கத்தைப் பற்றித்தான்: புண்ணாக்குக் கடைக்காரரை யார் கேட்பது?

கோரிப்பாளையத்தார்:
யாரிடம் கேட்பீர்கள்? பால் என்றால் நல்வாழ்வுத்துறை. தீவனம் என்றால் கால்நடைத்துறை. கடலை விளைந்த நிலம் வேளாண்மைத்துறை. எந்த அமைச்சர் எழுந்தாலும் "அது எங்கள் துறையில் வராது" என்று உட்காரலாம். 2020 ஜனவரியில் வணிகத் தீவனத்துக்கு பி.ஐ.எஸ். தரமுத்திரை வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆணை போட்டது. அமலாகும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. கேள்வியால் நடந்த லட்சணம் அவ்வளவுதான்.

வைகைக்கரையான்:
அந்த ஆணை அந்தக் கேள்வியால் வந்தது என்று நானும் சொல்ல மாட்டேன். தேதி ஏன் தள்ளிப்போனது என்று கால்நடைத்துறை அமைச்சரை நேராகக் கேட்கலாம் அல்லவா? பாலைப் பற்றிக் கேட்டால் செய்தி வரும், மாட்டுக்காரர் அடிபடுவார். புண்ணாக்கைப் பற்றிக் கேட்டால் டிவிக்காரன் எட்டிப்பார்க்க மாட்டான், ஆனால் அடி சரியான இடத்தில் விழும்.

செல்லம்பட்டி மாட்டுக்காரன்:
இது முதலில் சொன்னது மாதிரி இல்லையே. முதலில் 88, 88 என்றுதானே ஆரம்பித்தீர்கள்.

வைகைக்கரையான்:
ஆமாம். தப்புத்தான். மனுவில் முதல் வரியில் அந்த எண்ணை வைத்திருந்தேன், எடுத்துவிடுகிறேன்.

கால்நடை அக்கா:
ஒன்று சேருங்கள். கச்சாப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்த நஞ்சு அதிகம் என்று, அந்த 88 வந்த கணக்கெடுப்பிலேயே சொன்னார்கள். பண்ணையைக் காட்டிவிட்டு பாக்கெட்காரர்கள் ஒதுங்க முடியாது. பரிசோதனை அவர்கள் வாசலிலும் நடக்கட்டும்.

செல்லம்பட்டி மாட்டுக்காரன்:
அப்படியென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டு வரி என் வார்த்தையிலேயே போடணும். எழுதிக்கொள்ளுங்க: "புண்ணாக்கு மூட்டைக்குப் பில்லும் தயாரித்த தேதியும் கட்டாயமா? மதுரையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறதே, அங்கேயோ வேறெங்கேயோ விவசாயி கொண்டுவரும் தீவனத்தைச் சோதித்துக் கொடுப்பீர்களா, அதற்கான காசு யாருடையது?"

கோரிப்பாளையத்தார்:
பதில் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். இப்போதே எழுதித் தருகிறேன்.

கீழவாசல் டீ மாஸ்டர்:
வரட்டும் சார். அந்தத் தாளைக் கடையில் ஒட்டி வைக்கிறேன், பால் வாங்க வருகிற எல்லாரும் பார்ப்பார்கள். மனு எப்போது, எங்கே வரணும்?

வைகைக்கரையான்:
ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, உங்கள் கடைதான். அண்ணே, அந்த மூட்டையில் மிச்சம் இருந்தால் ஒரு துண்டு எடுத்து வாருங்கள்.

செல்லம்பட்டி மாட்டுக்காரன்:
மிச்சம் எங்கே இருக்கு தம்பி. மாடு தின்னுருச்சு.