அர்த்தம் தெரியாமல் பாடினால் மரபு வந்து சேருமா?

வைகைக்கரை:
வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் நம் பண்பாட்டை மறக்காமல் இருக்க கர்நாடக சங்கீத வகுப்பில் சேர்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளை ஒரு வரிகூடப் புரியாமல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். இதில் என்ன மரபு வந்து சேரும்? பாட்டு கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்றுதானே 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கமே தொடங்கினார்கள்?

பிலஹரி:
ராகத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லையே நீங்கள்! சங்கராபரண ராகத்துக்கும் கல்யாணி ராகத்துக்கும் மத்யமம், அதாவது 'ம' என்ற ஸ்வரம் ஒன்றுதான் வித்தியாசம். அதைப் பிரித்தறியும் காது வந்துவிட்டால், கல்யாண வீட்டு நாகஸ்வரத்திலும் பழைய திரைப்பாட்டிலும் பிள்ளை தானாகவே அதைப் பிடித்துவிடும். அப்புறம், வடக்கே இந்துஸ்தானியில் யமன் ராகம் பாடினாலும் கல்யாணியின் சாயல் என்று தெரிந்துவிடும். இந்தி தெரியாத பிள்ளைக்கு வேறு எந்த வகையில் இவ்வளவு நெருக்கம் கிடைக்கும்?

வைகைக்கரை:
காது வரட்டும், நல்லதுதான். ஆனால் முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர் அம்மன் கமலாம்பாள் மேல் இயற்றிய கீர்த்தனையைப் பாடும் பிள்ளைக்குத் திருவாரூர் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தந்தோமா? ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம், அதாவது தேவாரம் பாட 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தேவாரம் இன்றும் பண்ணோடு பாடப்படுகிறது, தமிழிலேயே இருக்கிறது. நம் வகுப்புகளில் அதற்கு எத்தனை நாள் ஒதுக்குகிறோம்?

தவில்வீதி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் கச்சேரி, கோயில் இரண்டையும் தாண்டவே இல்லை. பறை, ஒப்பாரி, வில்லுப்பாட்டு, கும்மி எல்லாம் யாருடைய மரபு? ஊரில் பிறப்புக்கும் இறப்புக்கும் அறுவடைக்கும் பாட்டு இருந்தது. அதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் வளரும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது பாதி மரபுதான். கர்நாடக இசையிலும் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே பெண்கள் பாடுவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. கீர்த்தனை சொல்லித்தரும்போது இதையும் சொல்லுங்கள்.

பிலஹரி:
தவில்வீதி சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. நாகரத்தினம்மாள் கதையை ஒவ்வொரு மாணவிக்கும் சொல்ல வேண்டும். ஆனால் வைகைக்கரை, அர்த்தம் முதலில், பாட்டு அப்புறம் என்ற வரிசையை என்னால் ஏற்க முடியாது. தாலாட்டு கேட்கும் குழந்தைக்கு எந்த வார்த்தை புரிகிறது? முதலில் குரல் பழகுகிறது, பொருள் வயது வரும்போது வருகிறது. ஆறு வயதில் மனப்பாடம் செய்த பாட்டின் பொருளைப் பதினாறு வயதில் தானே வந்து கேட்ட பிள்ளைகள் என்னிடம் உண்டு. பாட்டே மனத்தில் இல்லாவிட்டால் எதைப் பற்றிக் கேட்பார்கள்?

வைகைக்கரை:
கேட்காமலே போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன். அரங்கேற்றம் முடிந்ததும் தம்புராவை மூடிவைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பத்து வருடம் காத்திருக்க வேண்டாம், பாட்டு சொல்லித்தரும் அன்றைக்கே ஐந்து நிமிடம் பொருளும் சொல்லுங்கள்.

தவில்வீதி:
சரி, அந்த ஐந்து நிமிடத்தோடு மாதம் ஒரு நாட்டுப்புறப் பாட்டையும் சேருங்கள். அதைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள், கைபேசியில் பதிவும் செய்யட்டும். அவர்களோடு போய்விட்டால் அந்தப் பாட்டுகளுக்கு வேறு ஏடு கிடையாது.